இறுக்கி வைத்த அளவு

சித்தப்பா போய்ச் சேர்ந்த பிறகு, சித்தி தையல்காரிக்குக் கொடுத்தனுப்பிய மரப்பெட்டிக்குள் என்னென்னவோ கிடந்தன. இரண்டு முனையிலும் பிடி வைத்த ஒரு கத்தி. நுனி கரண்டிபோலக் குழிந்த ஓர் உளி. கால்கள் உள்பக்கமாக வளைந்த ஓர் இரும்புக் கவராயம். கால்கள் அசையாதபடி அதன் திருகாணியை இறுக்கி, மேலே நூல் சுற்றிக் கட்டியும் வைத்திருந்தது. சித்தப்பாவோ வாழ்நாளெல்லாம் மரக்கிடங்கில் காவல் இருந்தவர். காவல்காரருக்கு எதற்கய்யா இதெல்லாம்?

“உங்க சித்தப்பா யானைக்குப் பல்லு பிடுங்கிட்டு இருந்திருக்காரு. நமக்குத்தான் சொல்லல,” என்றான் தையல்காரியின் கணவன்.

“வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க,” என்று சீறினாள் அவள்.

சீறாமல் என்ன செய்வாள்? கால் வலி உயிர் போனது. பிறவியிலேயே அவளுக்கு வலது கால் இரண்டு விரற்கடை குட்டை. அந்தக் காலுக்கு அடியில் மரக்கட்டை வைத்த ஷூ போட்டால்தான் நேராக நடப்பாள். ஒன்று தேய்ந்தால், ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள் என்று சித்தப்பா புதிதாக ஒன்று கொண்டுவருவார். பழையதை, “நான் போற வழியில குப்பையில போட்டுடறேன்,” என்று எடுத்துப் போவார். இப்போது கடைசி ஷூவும் பிளந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டால், “இது நாங்க செஞ்சதே இல்லையேம்மா,” என்று கையை விரித்தார்கள். அவர்கள் கொடுத்த வேறொன்று குதிகாலைப் புண்ணாக்கியது. இப்படியே போனால் மெஷினை மிதிப்பது எப்படி, கடையை நடத்துவது எப்படி?

மதியம் துணி வெட்டும் மேசையில் உட்கார்ந்து சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். குழிந்த உளியின் விளிம்பில் ஓரிடம் லேசாக உடைந்திருப்பது விரலில் பட்டது. பக்கத்தில் பிளந்த ஷூ கிடந்தது. குதிகால் பதியும் குழியில் தோல் கிழிந்து கட்டை தெரிந்தது. அந்தக் கட்டையில், செதுக்காமல் விட்டதுபோல மெல்லிய வரப்பு ஒன்று. சும்மாதான் உளியை வைத்துப் பார்த்தாள். உடைந்த இடம் வரப்பின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

இந்த உளி செதுக்கிய கட்டைதான் இது! அடுத்து கவராயம். அளவெடுக்கும் சாமான் என்று அளவெடுக்கும் கைக்குத் தெரியாதா? வலது காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, கவராயத்தின் இரண்டு முனைகளையும் அப்படியே பாதத்தின் இரு பக்கமும் இறக்கினாள். நூலிழை இடைவெளி இல்லை. துளி அழுத்தமும் இல்லை.

“அம்மாடி!” என்று கத்தியேவிட்டாள். ஓடிவந்த கணவன் குனிந்து பார்த்தான். யானைப்பல் கேலியெல்லாம் போன இடம் தெரியவில்லை.

சித்திக்குப் போன் போட்டாள்.

“கண்டுபிடிச்சிட்டியா? அப்பாடா! நானா சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருடி. சின்னப் பிள்ளையில ஆஸ்பத்திரி ஷூ உன் காலைக் கடிச்சு நீ அழுதியே, அதுக்கப்புறம்தான் கிடங்கு ஆசாரிகிட்ட உளி பிடிக்கக் கத்துக்கிட்டாரு.”

“ஏன் சித்தி மறைச்சாரு?”

“‘தெரிஞ்சா, என்னைப் பார்க்கிறப்பல்லாம் அவளுக்குக் கால் ஞாபகம் வந்துடும். நான் வெறும் சித்தப்பாவாவே இருந்துட்டுப் போறேன்’னாரு.”

அழுகை வந்தது. அழுகையைவிட மலைப்புதான் பெரிதாக வந்தது. வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, பேச்சே இல்லாமல் போகிற மனிதர்! அவள் அறைக்குள் நடப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார். இத்தனை வருஷமும் அவள் காலைக் கையில் வைத்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்!

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டித் தெருமுனைச் செருப்புக்காரரிடம் போனாள். அவர் உளியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“செஞ்சுடலாம்மா. காலை நீட்டுங்க, அளந்துக்கறேன்,” என்று கவராயத்தின் நூலை அவிழ்க்கப் போனார்.

அவள் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதைத் திருகாதீங்கண்ணே. அளந்துதான் வச்சிருக்கு.”