பாங்காக்காரருக்குப் பத்தியச் சாப்பாடு

போன வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம்? இன்னொருவருக்குச் சோறு இறங்கவில்லை!

என் மைத்துனன் செல்வம் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறான். அவன் செய்யும் பிள்ளையார்களைப் பார்க்க பாங்காக்கிலிருந்து ஒரு வியாபாரி வந்திருந்தார். தாய்லாந்திலும் பிள்ளையாரைக் கும்பிடுகிறார்களாம்! இந்த ஆர்டர் கிடைத்தால் பட்டறை பிழைக்கும். இல்லாவிட்டால் பூட்டு.

"சூளைய நான் பாத்துக்கறேன் மாமா. அவரு வயித்த நீங்க பாத்துக்குங்க. போன தடவ வந்த பம்பாய்க்காரரு ஞாபகம் இருக்குதில்ல?" என்றான்.

மறக்குமா? நம் ஊர்க் காரக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, பொம்மையைப் பார்க்காமலே ரயிலேறியவர். ஆர்டரும் அவரோடு ஏறிப் போய்விட்டது.

பயம் பிடித்துக்கொண்டது. ஊரில் நல்ல ஓட்டல் எது? கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, சுத்தமான ஒரு மெஸ்ஸைப் பிடித்தேன். முதலாளியிடம் ரகசியமாக, "எதுலயும் மொளகா கூடாதுங்க" என்றேன்.

"மொளகா இல்லாம சாம்பாரா? வரவரு ஆஸ்பத்திரியிலேர்ந்து வராருங்களா?"

"வெளிநாட்டுக்காரருங்க!"

விருந்தாளி வந்தார். மஞ்சள் தண்ணீராக ஒரு சாம்பார். பிசைந்தார். சிரித்தார். இலையைத் தள்ளி வைத்தார். ராத்திரி வேறு ஓட்டல் — அதே உத்தரவு, அதே சிரிப்பு. காலையில் இட்லிக்குச் சர்க்கரை வைக்கச் சொன்னேன். சிரிப்பும் நின்றுவிட்டது.

மனிதர் பட்டினியாகச் சூளை முன்னால் மயங்கி விழுந்துவிட்டால்? போலீஸ் வருமோ? பாங்காக்குக்கு யார் தந்தி கொடுப்பது?

மத்தியானம் பட்டறைக்குப் போகிற வழியில், ஜங்ஷன் பக்கம் மனிதர் சட்டென்று நின்றார். மூக்கை உறிஞ்சினார். லாரிக்காரர்கள் சாப்பிடும் கீற்றுக் கொட்டகை... கருவாட்டுக் குழம்பு! "நோ, நோ" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊர் ஆழத்துப் பிள்ளையாரே, காப்பாற்று! அந்தக் குழம்பின் நெடியிலேயே எனக்குக் கண் எரிந்தது. அவரோ வாங்கி வாங்கிச் சாப்பிட்டார். வியர்வை கொட்டியது. பரிமாறிய அம்மாவிடம் சைகையில் பச்சை மிளகாய் கேட்டு வாங்கி, நறுக்கென்று கடித்தார்.

"போதும் சார்" என்று ஏறக்குறைய அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெரிந்த இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். "நேற்றிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். இங்கே எல்லோர் இலையிலும் மிளகாய். எனக்கு மட்டும் இல்லை. என் உடம்பில் என்ன கோளாறைக் கண்டுபிடித்தீர்களோ என்று!"

வெளிநாட்டுக்காரரென்றால் வெள்ளைக்காரர்தான், வெள்ளைக்காரரென்றால் காரம் ஆகாது... யார் சொன்னது? "என்ன சாப்பிடுவீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பயந்தவனுக்குக் கேட்கத் தோன்றுமா?

பட்டறையில் அவர் பிள்ளையார்களைப் பார்த்தார். நான் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆர்டர் கிடைத்தது!

கொட்டகையில் அவருக்குத் துணையாக அந்தக் குழம்பில் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்ட எனக்குத்தான், இந்த வாரம் முழுக்க மோர் சாதம் — மிளகாய் இல்லாமல்.