அப்ரூவலுக்குக் காத்திருந்த பகல்

என் மனைவியை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் காலையில் அவளிடம் சிரித்த முகத்தோடு சொன்னார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார். இனி வைத்தியம் ஒன்றும் இல்லை, வலிக்கு மட்டும் மருந்து தருகிறேன், பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள் என்றார். அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். குடலில் புண், ஆறிவிடும் என்றுதான் அதுவரை அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அவள் உடனே தலை வாரிப் புடவை கட்டிக்கொண்டாள். இடுப்பில் புடவை நிற்கவில்லை. நர்ஸ் பின் குத்திவிட்டார். சேக்காட்டில் எங்கள் வீட்டில், தன் கட்டிலில் படுக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. ஆனால் இன்சூரன்ஸ் அப்ரூவல் வராமல் அனுப்ப மாட்டார்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறேன். கம்பெனி போட்ட இன்சூரன்ஸில் அவள் பெயரும் உண்டு. அட்டை இருக்கிறதே, எல்லாம் அதில் போய்விடும் என்று நம்பியிருந்தேன். கீழே கவுண்டரில் இருந்த பெண் பில்லைக் கொடுத்து விளக்கினாள். கையுறைக்கும் பஞ்சுக்கும் இன்சூரன்ஸ் தராதாம். சேர்த்த அன்று காலியாக இருந்த ஒரே ரூமின் வாடகை எங்களுக்கு அனுமதித்ததைவிட அதிகமாம். அதனால் டாக்டர் ஃபீஸுக்கு இன்சூரன்ஸ் தரும் பணத்தையும் குறைப்பார்களாம். வாடகை கூடினால் அது ஏன் குறைய வேண்டும்? கேட்க நினைத்தேன். பின்னால் வரிசை நின்றது. சரிங்க என்று வந்துவிட்டேன்.

நான் அஞ்சாவதோடு நின்றவன், அவள் பத்தாவது. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவள்தான் படிப்பாள். போன் பேசுவதும் அவள்தான். தெரியாத ஆள் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடிக்கிற போனை அவள் கையில் கொடுத்தே பழக்கம்.

அந்தப் பில்லை மட்டும் அவளிடம் காட்ட முடியவில்லை. அதில் நோயின் பெயர் இருக்கும். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

"இன்னாயா, எல்லாரும் போய்க்கினே கீறாங்க. நம்மள மட்டும் குந்த வச்சிட்டாங்க?"

"வந்துரும்மே."

"பில்லு எங்க? குடு, பாக்கறேன்."

"கீழயே கீது."

"நீ போயி இன்னா கேட்டிருக்கப் போற? தூணு மாதிரி நின்னுட்டு வந்திருப்ப." சிரித்தாள். சிரித்ததில் வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் கவுண்டர் பெண்ணே ரூமுக்கு வந்தாள். கையில் போன்.

"சார், இன்சூரன்ஸ் டாக்டர் லைன்ல இருக்காரு. வீட்டு ஆளுங்க பேசணுமாம். பேசிட்டீங்கன்னா க்ளியர் பண்ணிடுவாங்க." ஸ்பீக்கரைப் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

யோசிக்கவேயில்லை. வாங்கிய போனை அப்படியே என் மனைவியிடம் நீட்டிவிட்டேன்.

"சொல்லுங்க சார்," என்றாள் அவள்.

"கேன்சர் பரவிடுச்சு, இனி ட்ரீட்மென்ட் இல்ல, வீட்ல வச்சுப் பாத்துக்கலாம்னு இங்க எழுதியிருக்காங்க. இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிட்டாங்களாம்மா?"

கவுண்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் போனைப் பிடுங்கப் போனேன். என் மனைவி என் கையைத் தள்ளிவிட்டாள்.

"சொன்னாங்க சார்."

"நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?"

அவள் என்னையே பார்த்தாள். "அக்கா சார்."

"இந்த வியாதி முன்னாடியே இருந்துச்சா?"

"இல்ல சார். பொங்கலுக்கு அப்பறந்தான் வயித்து வலின்னா. அதுக்கு முன்னாடி தலவலின்னுகூட படுத்தவ இல்ல." போனை இன்னொரு கைக்கு மாற்றினாள். "இன்னும் எத்தினி நாளு தாங்குவா சார்?"

"அதை டாக்டர்தான்மா சொல்லணும். ரொம்ப எதிர்பார்க்காதீங்க."

"சரி சார். சீக்கிரம் அனுப்பி உடுங்க. பாவம், காலைலேந்து பொடவ கட்டிகினு குந்திகினு கீறா."

கவுண்டர் பெண் எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனை வாங்கிக்கொண்டு போனாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

"பில்ல எடுய்யா," என்றாள். எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது, பிறகு நகர்ந்தது. வாடகை விஷயத்தைக் கேட்டேன்.

"பெரிய ரூமுன்னா டாக்டரு ஃபீஸு, ஆபரேசன் எல்லாமே கூடப் போடுவாங்க. நாம சின்ன ரூமுல இருந்திருந்தா இன்னா ஆவுமோ அத்தத்தான் இன்சூரன்ஸ்காரன் குடுப்பான். இதானே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பாரு, எனக்குச் சாப்பாட்டுப் பத்தியம் சொல்லிக் குடுத்தாங்கன்னு காசு போட்டுகீறான். யாரும் ஒண்ணும் சொல்லல. போயி கேளு."

"நானா?"

"நீதான். இனிமே யாரு கேப்பாங்க?"

கீழே போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அந்த வரியை விரலால் காட்டினேன். வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. அந்தப் பெண் பின்னால் நின்றவர்களை இருக்கச் சொல்லிவிட்டு, "மெதுவா சொல்லுங்க சார்," என்றாள்.

சொன்னேன். அவள் அந்த வரியை அடித்துவிட்டாள். அப்ரூவலும் வந்துவிட்டது என்றாள். இருட்டுவதற்குள் சேக்காட்டு வீட்டில் என் மனைவி தன் கட்டிலில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.