நான் அவிழ்த்த முடிச்சு

திருத்தங்கலில் எங்கள் புது வீட்டு ஜன்னலுக்குத் திரை மாட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. அதை ஏற்றி இறக்கும் கயிறு கீழே வரை தொங்கியது. ஆமத்தூரிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் மாரியம்மாள் அதைச் சுருட்டி, உயரத்தில் முடிச்சுப் போட்டு வைத்தார்.

"கீள தொங்குனா பிள்ள களுத்துல மாட்டிக்கிரும் தாயி" என்றார்.

"அளகுக்கு மாட்டுனது. கண்டபடி கட்டாதீக" என்று கடிந்துகொண்டு, நானே அவிழ்த்துவிட்டேன்.

மறுநாள் காலை, இரண்டு வயது மகளை ஹாலில் விட்டுவிட்டு, எங்கள் அச்சகத்துக்கு வந்த காலண்டர் ஆர்டர் விஷயமாக உள்ளறையில் போன் பேசிக்கொண்டிருந்தேன். மாரியம்மாளின் அலறல் கேட்டு ஓடினேன். ஜன்னலோர சோபாவில் ஏறி விளையாடிய குழந்தை சறுக்கி, கயிறு கழுத்தை இறுக்க, சத்தமே இல்லாமல் தொங்கியிருக்கிறாள். மாரியம்மாள் அவளை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி கயிற்றை விலக்கிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. சில நொடிகள் கழித்துத்தான் குழந்தை வீறிட்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் என் கணவர் மாரியம்மாளைப் பார்த்துக் கத்தினார். "பிள்ளையப் பாக்காம என்ன செஞ்சீக? இனி வேலைக்கு வராதீக."

மாரியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. குழந்தையின் கழுத்தில் சிவந்திருந்த தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போய்விட்டார்.

திரைகளை அன்றே கழற்றினோம். சில மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன்.

"பிள்ள நல்லா இருக்காளா தாயி?"

"ம்" என்றேன். மன்னிப்புக் கேட்க அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

மகளுக்குத் தடம் மறைந்துவிட்டது. நடந்தது என்னவென்று, என் கணவர் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.