முனுசாமி கிணற்றில் அகப்பட்ட கடல்

கல்லாய்ப் போன கடற்பிராணிகளைத் தேடிச் சென்னையைச் சுற்றி அலைய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யுத்தத்துக்கு முந்திய ஒரு சித்திரை மாதம். நான் காலேஜ் முடித்து வாத்தியாராகிவிட்டேன். கூடப் படித்த சபாபதியோ அம்மோனைட் பைத்தியம் பிடித்து ஆராய்ச்சியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆட்டுக்கொம்பாய்ச் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து, எப்போதோ பூண்டற்றுப்போன கடற்பிராணி அது. ஆவடிப் பக்கத்து வெள்ளைக் களிப்பாறையில் இலைத்தடங்கள்தான் கிடைக்கும். அது ஏரிச்சேறு என்று அவனுடைய பேராசிரியர்கள் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். கடல்தான் என்று இவன் ஒற்றைக்காலில் நின்றான்.

சென்ட்ரலில் காலை ஆறரை மணி ரயில். ஆவடியில் இறங்கி, திருவேற்காட்டுப் பாதையில் மூன்று மைல்; மாட்டுவண்டிக்கு ஆறணா. அங்கே பாறை தரைக்கு மேல் தலைகாட்டாது. எங்கே கிணறு வெட்டுகிறார்கள் என்று விசாரித்துப் போய் நிற்பதுதான் எங்களுக்கு வழி.

முனுசாமி என்ற குடியானவர் வெட்டிக்கொண்டிருந்தார். உழவுமாட்டை விற்று ஆரம்பித்த கிணறு, முப்பதடி போயும் சொட்டு ஈரமில்லை. சபாபதி உள்ளே இறங்கினான். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரே கூச்சல்.

"கிடைச்சிடுச்சுடா! அம்மோனைட்! இது சாட்சாத் கடல்டா!"

ஆட்கள் கடப்பாறையை நிறுத்திவிட்டார்கள். முனுசாமிக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"இன்னா சாமி சொல்றீங்கோ? கடலா? அப்போ தண்ணி கரிக்குமா?"

"இந்த எடம் வாணாம்னு அப்பவே தலபாடா அட்ச்சிக்கினேனே!" என்று அவர் மனைவி கன்னியம்மா வாயில் அடித்துக்கொண்டாள். "மூடிட்டு ஊட்டுக்கு வா!"

கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்திய கடல் என்று மேலே நின்று நான் கத்தினேன். யார் கேட்கிறார்கள்! ஆட்கள் ஏறி வந்துவிட்டார்கள். சபாபதி சுவரில் பாதி செதுக்கியிருந்த சிப்பியை ஒருதரம் பார்த்தான். உளியைப் போட்டுவிட்டுக் கடப்பாறையை எடுத்துத் தானே வெட்ட ஆரம்பித்தான். வெட்கப்பட்டு இரண்டு ஆட்கள் மறுபடி இறங்கினார்கள்.

பிற்பகலில் ஊற்றுக் கண் திறந்தது. சேறும் மண்ணுமாய் அள்ளி முதலில் குடித்தவன் சபாபதிதான்.

"நல்ல தண்ணிய்யா! இனிக்குது!"

முனுசாமியும் குடித்துப் பார்த்துவிட்டு விசும்பி விசும்பி அழுதார். அதற்குள் தண்ணீர் சிப்பியைத் தாண்டி ஏறிவிட்டது. நனைந்தால் அந்தக் களிப்பாறை மாவாய்க் கரைந்துவிடும். சபாபதி வெறும் பையோடு ரயிலேறினான். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

காட்டச் சிப்பி இல்லாததால் அவன் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. இப்போது அரியலூர்ப் பக்கம் பெட்டி பெட்டியாய்ச் சிப்பி சேர்க்கிறான். ஆவடியைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஆவடியில் இப்போது ராணுவ முகாம். லாரிகளுக்கு ஒதுங்கி நடங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். கிணறு வெட்டும் இடத்தில் கடல் என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

போன மாதம் நான் மறுபடி போனேன். பாதையெல்லாம் மாறிவிட்டது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒருத்தியிடம், முனுசாமி கிணறு எங்கே என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து கையை நீட்டினாள்.

"கடல் கெணறா? அதோ, நேரா போ நைனா."