கலுங்கில் விரித்த பேண்டேஜ் துணி

மீன்துறையில் ஃபீல்டு அசிஸ்டெண்டாக நான் வேலை பார்த்த காலமெல்லாம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கண்மாய்களிலேயே போயிற்று. கட்லா, ரோகு குஞ்சு விடுவது, குத்தகைக்காரர்களின் வலையைப் பார்ப்பது, ரிப்போர்ட் எழுதுவது. துறைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கட்லாவைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை. விலாங்கைப் பற்றி எழுதுகிறேன்.

1. மஞ்சள் தண்ணீர்

ஐப்பசி மழையில் செட்டியார்பட்டிப் பக்கத்துக் கண்மாய் ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்தது. மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியேறும் கல்சுவர்தான் கலுங்கு. வளர்த்த மீன் தண்ணீரோடு போய்விடக் கூடாதென்று குத்தகைக்காரர் குருசாமி அண்ணாச்சி அதன் குறுக்கே வலை கட்டியிருந்தார். காலையில் நான் போனபோது கை மொத்தத்தில் ஒரு விலாங்கு அதில் கிடந்தது.

அவர் அதைக் கொல்லவில்லை. ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, கும்பிட்டு, திரும்பக் கண்மாய்க்குள் விட்டார்.

"இது அய்யனாரு மீனு மேடம். இது இருந்தாத்தான் தண்ணி நிக்கும். நேத்தும் வலையில கெடந்துச்சு, நேத்தும் உள்ளதான் விட்டேன்."

அதன் வயிறு வெள்ளியாக மின்னியதையும் கண் பெரிதாகியிருந்ததையும் பார்த்துவிட்டேன். விலாங்கு கடலில் பிறந்து, ஆற்றுவழியே ஏறி வந்து, நம் கண்மாய்ச் சேற்றில் பல வருஷம் வளர்கிறது. முட்டையிட ஒரே ஒரு முறை கடலுக்குத் திரும்பும், அதோடு ஆயுசு முடிந்தது. புறப்படும் சமயத்தில்தான் வயிறு வெளுக்கும், கண் பெரிதாகும், தீனி நின்றுபோகும். அதற்கு வழி மறுகால் தண்ணீர்தான். நம் பக்கம் எல்லா வருஷமும் மறுகால் பாய்வதில்லை. இந்தத் தண்ணீரைத் தவறவிட்டால் அது இங்கேயே கிடந்து சாக வேண்டியதுதான். அண்ணாச்சி பக்தியோடு அதைச் சிறைவைத்திருந்தார்.

2. ஸ்கீம் இல்லாத மீன்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்த ஆஃபீசரிடம் போய்ச் சொன்னேன்.

"ஏம்மா, விலாங்குக்கு ஏது ஸ்கீம்? வலைய அவுக்கச் சொன்னா அந்தாளு மீனெல்லாம் போயிரும். நஷ்டத்த நீங்க குடுப்பீங்களா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. இருந்தாலும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. ஓடைகள் செம்மண் நிறத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தன. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிற வியாதி எனக்கு உண்டு. இந்தத் தண்ணீரோடு போனால் அந்த விலாங்கு வைப்பாற்றில் சேரும், சாத்தூர் தாண்டும், வாயில் உப்புக் கரிக்கும், பிறகு யாரும் பார்த்திராத ஆழத்துக்கு இறங்கும். நம் பக்கத்து விலாங்குகள் கடலில் எந்த இடத்தில் முட்டையிடுகின்றன என்று இன்னும் உறுதியாகத் தெரியாதாம். அந்த ஆழத்திலேயே நானும் மிதந்துகொண்டிருந்தேன். கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினேன்.

3. பேறுகாலம்

மறுநாள் காலையும் அதே விலாங்கு வலையில் கிடந்தது. முட்டி முட்டி மூக்கு தேய்ந்திருந்தது. அண்ணாச்சி குடத்தோடு நின்றார்.

"அண்ணாச்சி, அது போறேன் போறேன்னு தெனமும் முட்டுது. நீங்க பிடிச்சுப் பிடிச்சு உள்ள விடுதீக."

"எங்க போகும்?"

"கடலுக்கு. அங்கதான் முட்டையிடும். குஞ்சு அங்கயிருந்துதான் ஏறி வரும். ஊரு ஊருக்கு இப்பிடி மறிச்சா, பொறவு எந்தக் கண்மாய்க்கும் விலாங்கு வராது."

அண்ணாச்சி சம்சாரம் லட்சுமி அக்கா, பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி வேலைக்குக் கிளம்பித் தூக்குச்சட்டியோடு நின்றார். "பேறுகாலத்துக்குப் போற உசுர மறிச்சா அய்யனாரு சந்தோசப்படுவாராக்கும்?" என்றார் சட்டென்று.

"தண்ணி வத்திப் போச்சுன்னா ஊரு என்னயத்தானடி பேசும்."

அவர் பயம் பொய்யில்லை. ஆனாலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, கும்பிட்டு, இந்த முறை கலுங்குக்கு வெளியே விட்டார். ஒரே ஒரு நெளிவு, அப்புறம் செந்தண்ணீரில் காணோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சி வலையின் ஒரு ஓரத்தைத் தூக்கிக் கட்டினார். "கெண்டை கொஞ்சம் போகும். போகட்டும்."

4. ஏறி வந்தவை

அடுத்த கோடையில் கண்மாய் வற்றியது. ஊரும் அவரைப் பேசியது. அண்ணாச்சி வாங்கிக்கட்டிக்கொண்டார், அந்த ஓரத்தை மட்டும் அடைக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு மழைக்காலத்தில் போன் வந்தது. "மேடம், கலுங்குக் கல்லுல வெரல் நீளத்துல அம்புட்டும் விலாங்குக் குஞ்சு. ஏற முடியாம வழுக்கி வழுக்கி விழுகுது. நம்ம மீனோட புள்ளைகளா?"

"தெரியாது அண்ணாச்சி. யாராலயும் சொல்ல முடியாது."

"யாரு புள்ளையா இருந்தா என்ன, வந்திருக்குல்லா!"

மறுநாள் போனேன். கம்பெனியில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணியை லட்சுமி அக்கா வாங்கி வந்து, கலுங்கின் மேலிருந்து அடிவரை விரித்து, கல் வைத்து அழுத்தியிருந்தார். தண்ணீர் மெல்லிசாக அதன்மேல் வழிந்தது. நனைந்த இழைகளுக்குள் உடம்பை நுழைத்து நுழைத்து, செத்த நேரம் நின்று, மறுபடி ஏறிக்கொண்டிருந்தன குஞ்சுகள்.

பிள்ளைகளே, நம் வேலையில் அனுப்பிவைத்தது போய்ச் சேர்ந்ததா என்று கடைசிவரை தெரியாது. வழி அடைபடாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அண்ணாச்சி கலுங்குக்கு மேலே மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார். "குஞ்சுக்கு அது ஆகாது அண்ணாச்சி," என்றேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, ஏறி வருகிற ஒவ்வொன்றையும் வெறுங்கையால் கும்பிட்டார்.