கேப்டன் விட்டுச்சென்ற பெண்

மரக்காணம் உப்பளத்தில் சாப்பாட்டு நேரத்தில் நான் போனில் ஒரு விண்வெளித் தொடர் பார்ப்பேன். வருடக்கணக்காக ஓடுகிறது. அதில் வரும் கப்பல் கேப்டனைவிட அவனோடு பயணம் போகும் துணைகள்தான் எனக்கு உயிர். ஒரு நாள் கேப்டன், காயம்பட்ட துணைப் பெண்ணை ஒரு கிரகத்தில் விட்டுவிட்டு, புது ஆளோடு கிளம்பிவிட்டான்.

“மனுசனா இவன்? திரும்பிக்கூடப் பாக்கல!” என்று கத்தினேன்.

புதிதாக வேலைக்கு வந்த அஞ்சலை நிமிர்ந்தாள். “மேரிக்கா கால்ல புண்ணுன்னு வேலைய விட்டு நின்னுட்டதாலதான் அவங்க எடத்துக்கு நான் வந்தேன். உன் கூட்டாளிதானே? ஒரு நாளாச்சும் போய்ப் பாத்தியாக்கா?”

“வாய மூடுடி” என்று எழுந்துவிட்டேன். சாயங்காலம்வரை கோபம் அடங்கவில்லை. அதே கோபத்தோடு மேரி வீட்டுக்குப் போனேன்.

“ரெண்டு மாசமா வழி தெரியலையா?” என்று ஆரம்பித்தவள் வெகுநேரம் திட்டினாள். அவள் கால் புண்ணைப் பார்த்தபடியே திட்டு வாங்கிக்கொண்டேன்.

கதைப் பெண்ணுக்காகப் பொங்கியவள் மேரியை எப்படி மறந்தேன் என்று நினைத்தால், இன்றும் என்மேல்தான் எரிச்சல் வருகிறது.