ஆமி வேலியோரம் காணி விற்பனைக்கு

காணி விக்கிறவனைச் சனம் நம்பாது. உண்மை சொல்லிக் காணி விக்கிறவனை அறவே நம்பாது. கொமிஷனில சீவிச்சவை ஆரும் இதை வாசிச்சால் உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவை எனக்காக ஒருக்கால் பெருமூச்சு விட்டுப்போட்டு வாசியுங்கோ. ஊரில கணக்குப் படிப்பிச்சுக்கொண்டிருந்த நான், தொண்ணூறுகளின்ர நடுவில நியூசிலாந்தில, மனுகாவில ஒரு சின்ன ரியல் எஸ்டேட் கந்தோரில கழுத்தில ரை கட்டிக்கொண்டு நிண்டன்.

வெட்டாதே, கட்டாதே, முறையிடாதே

வேலைக்குச் சேர்ந்து கன நாளாகியும் நான் ஒரு கோழிக்கூடு கூட விக்கேல்ல. முதலாளி கிளென் என்னைக் கூப்பிட்டு, கந்தோரில ஒருத்தரும் தொடாத காணியொண்டை என்ர தலையில கட்டினார். குளிர்காலத்துக்கு முதல் இதை வித்தால் வேலை இருக்கும், இல்லாட்டில் நான் பழையபடி பெற்றோல் ஷெட்டுக்குப் போகலாம். வீட்டில ரெண்டு பிள்ளையள், மனிசிக்கு அப்ப வேலையும் இல்லை.

காணி எண்டால் வடிவான காணி. பட்டணம் முடியிற இடத்தில, ஒரு பழைய வீடு, பின்னால காடு, ஒரு ஓடை. வேலிக்கு அங்கால ஆமிக்காரர் சுட்டுப் பழகிற நிலம். வேலிவரைக்கும் வீடுகள் வந்தால் சனம் சத்தமெண்டு கத்தும், பயிற்சி நிண்டுபோகும் எண்டு யோசிச்சு, ஆமி முந்தின சொந்தக்காரருக்கு நட்டஈடு குடுத்து காணி உறுதிப் பத்திரத்தில ஒரு நிபந்தனை எழுதுவிச்சிருந்தது. இங்க அதுக்குக் கவனன்ட் எண்டு பேர். காணியைத் துண்டு போடேலாது, இருக்கிற வீட்டைவிட இன்னொண்டு கட்டேலாது, ஒரு மரம் வெட்டேலாது, வெடிச்சத்தம் எண்டு முறைப்பாடு செய்யேலாது. ஆர் வாங்கினாலும் நிபந்தனையும் சேர்ந்தே வரும்.

"பிறகு ஒருத்தன் இதை என்னத்துக்கு வாங்குவான்?" எண்டு கேட்டன். கிளென் தோளில தட்டிச் சொன்னார்: "உங்கட ஆக்கள் காணி எண்டால் உயிரை விடுவினமாமே. காட்டு, பாப்பம்."

முதல் வெடி

விளம்பரப் பலகை நட என்னோட வேலை செய்யிற சான்ட்ரா வந்தா. நான் குழி தோண்டிக்கொண்டு நிக்க, வேலிக்கு அங்கால முதல் வெடி வெடிச்சுது. அடுத்ததாய் எனக்கு ஞாபகம் இருக்கிறது, காருக்குக் கீழ குப்புறக் கிடந்ததும் ரை முழுக்கச் சேறும்தான். எனக்கு நியூசிலாந்து விசா கிடைச்ச விஷயத்தை என்ர உடம்புக்கு ஒருத்தரும் சொல்லேல்லப் போல. சான்ட்ரா குனிஞ்சு பாத்து, நல்ல மனதோட கேட்டா: "கொன்டாக்ட் லென்ஸ் விழுந்திட்டுதோ? அசையாத, நானும் தேடுறன்."

ஆரைப் பிடிக்கவேணும்?

முதல் வந்தவர் பக்குரங்காவில இருக்கிற யாழ்ப்பாணத்துக் கணக்காளர். காணியைச் சுத்திப் பாத்து, வாய்க்குள்ளயே அதை எட்டுத் துண்டாக்கி, ஒண்டு மகனுக்கு, ஒண்டு மருமகனுக்கு எண்டு பிரிச்சும் குடுத்திட்டார். நான் நிபந்தனையை ஒவ்வொண்டாய் வாசிச்சன். அவர் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார். கல்யாண வீட்டில மந்திரம் கேக்கிற மாதிரி, மரியாதை இருந்தது, பாதிப்பு இல்லை.

"ஐயா, இது மாத்தேலாது," எண்டன். "ஓம், ஓம்," எண்டு என்னைக் கையில பிடிச்சு ஒரு பக்கமாய்க் கூட்டிக்கொண்டு போனார். சுத்திவர மாடுகள்தான் நிண்டது, எண்டாலும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்: "தம்பி, சட்டம் கிடக்கட்டும். இவங்கட ஆமியில பெரிய இடத்தில எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

அக்கினி மூலை

பிறகு கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் வந்தார், கம்ப்யூட்டர் வேலை. கையில திசைகாட்டி. வீட்டைச் சுத்தி மூண்டு தரம் நடந்தார், வெடி வெடிக்க வெடிக்க அசையாமல் குறிப்பெடுத்தார். எனக்கு நம்பிக்கை வந்திட்டுது. மனிசிக்குப் போன் பண்ணுவம் எண்டு கூட நினைச்சன்.

"சத்தம் பரவாயில்லையோ?" எண்டு கேட்டன். அவர் வாசலுக்கு நேரே நிண்ட பெரிய டோட்டரா மரத்தைப் பாத்தார். அதையும் வெட்டேலாது எண்டு நான் ஏற்கனவே சொல்லியிருந்தன். மூஞ்சி சுருங்கிப்போச்சு. "ஆமா சார், பீரங்கி அக்னி மூலையிலதான் இருக்கு, ரொம்பப் பொருத்தம். ஆனா வாசலுக்கு நேரா மரம் நிக்குதே, அதுல உயிருக்கே ஆபத்து."

ரெஜினா அக்கா

குளிர் தொடங்கிற நேரம் ரெஜினா அக்கா வந்தா. மன்னார் ஆள், முதியோர் இல்லத்தில தாதி. ஊரில ஆமி இடத்தை விட்டு எழுப்ப எழுப்ப எழும்பி ஓடினவ. இங்க வந்தும், இருந்த வாடகை வீடெல்லாத்தையும் சொந்தக்காரர் இடிச்சு அடுக்கு வீடு கட்ட, திரும்பத் திரும்பச் சாமான் கட்டினவ. இனி ஒரு இடத்தில இருந்து சாகவேணும், அவ்வளவுதான் அவ கேட்டது. எனக்கோ வேலை போக ஒரு கிழமைதான் கிடந்தது. எண்டாலும் இந்த மனிசிக்கு இதை விக்க மனம் வரேல்ல. "அக்கா, உங்களுக்கு இது சரிவராது, வேற காட்டுறன்," எண்டன். கேக்கிற ஆளோ!

நாங்கள் போனது சுடுற நாள். பயிற்சி நேரத்தை முதலே பேப்பரில போட்டிருந்தாங்கள், வேலியில சிவப்புக் கொடியும் ஏத்தியிருந்தது. சொன்னபடி பத்து மணிக்கு வெடிச்சுது. அக்கா செபமாலையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு படியில இருந்திட்டா. "எழும்புங்கோ அக்கா, போவம். விசர் வேலை பாத்துப்போட்டன்." அவ எழும்பேல்ல. எப்ப நிப்பாட்டுவினம் எண்டு மட்டும் கேட்டா. பன்ரெண்டுக்கு எண்டன். அவ்வளவு நேரமும் அந்தப் படியிலயே இருந்தா, நானும் பக்கத்தில இருந்தன்.

பன்ரெண்டுக்கு நிண்டுது, கொடியும் இறங்கிச்சு. அக்கா முகத்தைத் துடைச்சுக்கொண்டு, பக்கத்தில ஒருத்தரும் எப்பவும் கட்டேலாதோ, எங்களையும் எழுப்பேலாதோ எண்டு கேட்டா. ஏலாது எண்டன். அவ என்னைப் பாத்துக் கோபமாய்ச் சொன்னா: "நேரம் சொல்லிச் சுட்டு, சொன்ன நேரத்துக்கு நிப்பாட்டுற ஆமியை வைச்சுக்கொண்டு, இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லாம என்ன செய்தனீர்?"

தன்ர முகாமைச் சுத்திக் காணியை வெறுமையாய் வைச்சிருக்க ஒரு ஆமிக்கு ஒரு பேனை போதும், துவக்கு வேண்டாம் எண்டதைக் கண்ணால பாக்க, நாங்கள் உலகத்தின்ர அடி வரைக்கும் ஓடிவரவேண்டியிருந்தது.